பதினெட்டாம் குறுக்கீடு

ஒரு பெண் திடீரென்று பேசுவதை நிறுத்திவிட்டார் என்று யாராவது எனக்கு போன் செய்தால், டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிடுவேன். வசுமதி அக்கா பேசுவதை நிறுத்திவிட்டார் என்றால் மட்டும் நான்தான் ஓட வேண்டும், அதுவும் ஸ்க்ரூடிரைவர் பெட்டியோடு. ஏனென்றால் அக்கா பேசுவது இருபத்தாறு வயதான ஒரு லேப்டாப்பின் வழியாக.

அன்று காலை எட்டே முக்காலுக்கு அவருடைய கணவர் தனபாலண்ணன் கூப்பிட்டார்.

"அம்மணி, கஞ்சி குடுத்துட்டு இருந்தேன். உப்புப் பத்தலைன்னு சொல்ல ஆரம்பிச்சா. 'உப்பு'ங்கறதோட நின்னு போச்சு."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீங்களாங்ணா?"

"மூணு தடவ பண்ணீட்டேன். ரெண்டு நிமிசம் பேசறா, மறுக்கா நின்னு போவுது. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆபீசர் வேற வர்றாரு."

அந்த ரெண்டு மணி எனக்கும் தெரியும். ஒரு மாதமாக அந்த வீட்டுக் காலண்டரில் அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். அவர் மைக்கைப் பிடித்தால் எந்த வண்டிக்காரனும் ஒரு நிமிடம்கூட அதிகமாக நிற்க முடியாது. எட்டு வருடத்துக்கு முன் நரம்பில் ஒரு நோய் வந்தது. முதலில் கால், பிறகு கை, கடைசியில் நாக்கு. இப்போது அவர் சொன்னபடி கேட்பவை கண்ணும் இமையும் மட்டும். நாக்கு போன சமயத்தில் ஒரு கம்பெனி அவர் மண்டைக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லையை வைத்தது. மூளை நாக்குக்கு அனுப்பும் சொல்லை அது பாதி வழியில் பிடித்து வெளியே அனுப்பும். ஒரு பெட்டி அதை வாங்கி, அக்காவின் பழைய பஸ் ஸ்டாண்டு குரலிலேயே பேசும். அருமையான ஏற்பாடு. இரண்டே வருடத்தில் கம்பெனி இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டது, பெட்டியும் செத்துப்போனது. வில்லை மட்டும் தலைக்குள் உயிரோடு இருந்தது.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான். செத்த பெட்டியிலிருந்து, வில்லையின் சொல்லை வாங்கும் அட்டையைக் கழற்றினேன். அது பொருந்தும் துளை பழைய லேப்டாப்புகளின் விலாவில்தான் உண்டு. அந்த அட்டையோடு பேச, லேப்டாப்பை ஓட்டும் எந்தக் கம்பெனி சிஸ்டமும் சம்மதிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்களே, அந்த இலவச சிஸ்டம்தான் சம்மதித்தது. நாலு வருடமாக அக்கா அதில்தான் பேசுகிறார். பேசுகிறார் என்றால், பேசிக்கொண்டே இருக்கிறார். அவரைப் பேசவைத்த வாரம் ஒண்டிப்புதூரில் இருக்கும் என் கடைக்குப் புது போர்டு எழுதினேன்: 'செவ்வந்தி லேப்டாப் வைத்தியசாலை'. செவ்வந்தி நான்தான். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

போன வருடம் சட்டம் வந்தது. எங்கேயோ ஒருவர் தூக்கத்தில் நினைத்ததை அவருடைய கருவி சத்தமாகச் சொல்லிவிட்டது. அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டு ஒரு ஆளை ஜெயிலுக்கே அனுப்பிவிட்டார்கள். நாடு முழுக்க ரகளை. அரசாங்கம் பயந்துபோய், இனிமேல் வரும் கருவிகள் எல்லாம் கேள்வி முறையில்தான் இருக்க வேண்டும் என்றது. பக்கத்தில் இருப்பவர் பட்டனை அமுக்கிக் கேள்வி கேட்பார், கருவி அப்போது மட்டும் பதிலை எடுத்துச் சொல்லும். கேட்காவிட்டால் பேச்சு கிடையாது. பழைய கருவி வைத்திருப்பவர்கள் முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டிக் காட்டினால் அதையே வைத்துக்கொள்ளலாம். நின்றால் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுக் கருவியைக் கொடுத்துவிடுவார்கள். ஓடினால், எந்த முறையில் ஓடியதோ அந்த முறையிலேயே முத்திரை வைத்துவிடுவார்கள். அப்புறம் யாரும் கை வைக்க முடியாது.

அக்காவுக்கு அந்தப் பரிசோதனை அன்று ரெண்டு மணிக்கு.

வரதராஜபுரத்தில் அவர்கள் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது ஒன்பதேகால். அக்கா ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் லேப்டாப். திரையில் மூன்று வரி:

குறுக்கீடு 18: ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.
வாக்கெடுப்புடன் தொடங்கிப் பார்க்கவும்.
குறுக்கீடு 18 முடக்கப்படுகிறது.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "வாக்கெடுப்பா? லேப்டாப்புக்குள்ள என்ன எலெக்‌ஷனா நடக்குது? இதைத் தமிழ்ல எழுதுன மகராசன் மட்டும் என்ற கைல கெடைச்சான்னா..."

தனபாலண்ணன் தொண்டையைச் செருமினார். "மகராசன் இல்லீங்க அம்மணி. இவதான்."

அக்காவின் இமைகள் மெதுவாக ஒரு தடவை மூடித் திறந்தன. ஆமாம் என்று அர்த்தம்.

நாலு வருடமாக வந்துபோகிறேன், இது எனக்குத் தெரியாது. இருபது வருடத்துக்கு முன், டியூட்டி முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து அந்த இலவச சிஸ்டத்தின் செய்திகளைத் தமிழாக்கியவர்களில் அக்காவும் ஒருவராம். தொள்ளாயிரம் வரி அவர் எழுதியது. இங்கிலீஷில் 'போல்' (poll) என்று இருந்திருக்கிறது. தேர்தலில் ஓட்டுப் போடுவதும் போல்தான், ஒவ்வொருவராகப் போய் விசாரித்துக்கொண்டு வருவதும் போல்தான். அக்கா முதல் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடமாக அதை யாரும் திருத்தவில்லை.

தனபாலண்ணனுக்கு அந்த வரியில் கவலை இல்லை. முதல் வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒருவரும் கண்டுகொள்ளவில்லைன்னா என்னங்கம்மணி? நான் பக்கத்துலயேதான இருந்தேன்."

"ஐயோ, உங்களைச் சொல்லலீங்ணா. இந்தக் குறுக்கீடுங்கறது காலிங் பெல்லு மாதிரி. அக்கா ஒரு சொல்லை நெனச்சாங்கன்னா அந்த அட்டை பெல்லடிக்கும். சிஸ்டம் பண்ணிட்டு இருக்கற வேலையை அப்படியே போட்டுட்டு ஓடியாந்து வாங்கிக்கும். எப்ப வேணா அடிக்கலாம், யாரும் கேக்கோணும்னு இல்ல. அதனாலதான் அக்கா நெனச்ச ஒடனே பேச முடியுது."

"அப்பறம் ஏன் கண்டுக்கல?"

"ஒரு காம்பவுண்டுல ரெண்டு வீடு, ஆனா ஒரே பெல்லுன்னு வைங்க. பெல்லடிச்சா ரெண்டு வீட்டுக்காரரும் எட்டிப் பாக்கோணும், எனக்குத்தான்னு ஒருத்தர் சொல்லோணும். ஒருத்தருமே சொல்லலைன்னா? மறுக்கா அடிக்குது, மறுக்கா யாரும் வரலை. லட்சம் தடவ வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு, வாட்ச்மேன் கடுப்பாகி ஒயரையே புடுங்கி உட்டுருவான். அதத்தான் முடக்கப்படுகிறதுங்குது."

"அப்ப இவ பெல்லும் போச்சு."

"ஆமாங்ணா. இப்ப அக்கா உள்ள பேசிக்கிட்டேதான் இருக்காங்க. ஒயருதான் இல்ல."

அண்ணன் கட்டில் பக்கம் திரும்பினார். அக்கா அவரைப் பார்த்தபடி இருந்தார். அந்தக் கண்ணில் எவ்வளவு வசவு இருந்ததோ தெரியாது. நான் வேலையை ஆரம்பித்தேன்.

இங்கேதான் என் மடத்தனம். பிரச்சினை என்னவென்று அந்த அறையில் ஒருவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. அந்த வரிகளை எழுதியவரே அவர்தானே. அவரிடமிருந்து அதை வாங்க எனக்கு இருந்த வழி ஆம், இல்லை மட்டும்தான். அக்காவின் இமைகளும் பத்துத் தடவைக்கு மேல் அடித்தால் சோர்ந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. நான் அந்தப் பத்தையும் எப்படிச் செலவழித்தேன் தெரியுமா? அட்டை போச்சா அக்கா? இல்லை. தூசியா? இல்லை. சூடாகிறதா? இல்லை. பேட்டரியா? இல்லை. அட்டையைத் துடைத்து மாட்டட்டுமா என்று ஐந்தாவது தடவை கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். சோர்வால் அல்ல, என் மேல் வந்த கோபத்தால். பஸ் ஸ்டாண்டில் அவர் வண்டிக்காரர்களிடம் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன், அதே மூடல்தான்.

அப்படியும் எனக்குப் புத்தி வரவில்லை. அட்டையைக் கழற்றினேன், மாட்டினேன். விசிறியைக் கழற்றினேன், மாட்டினேன். சிஸ்டத்தை நாலு விதமாகக் கிளப்பினேன். என் கைபட்டு ஆடியதாலோ என்னவோ, இப்போது ஒவ்வொரு தடவையும் நாலைந்து விநாடிதான் ஓடியது. அக்கா "செவ்வந்தி, அது இல்ல, பக்கத்துல" என்பார், அதோடு நின்றுவிடும். மறுபடி கிளப்பினால் வில்லையும் அட்டையும் கைகுலுக்கிக்கொள்ளவே பத்து நிமிடம் பிடிக்கும். இப்படியே பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

வேறு வழியில்லாமல் திரை சொன்னபடி வாக்கெடுப்பு முறையில் கிளப்பினேன்.

"இது என்ன பண்ணுமுங்க?" என்றார் அண்ணன்.

"பெல்லே வேண்டாம்னு உட்டுட்டு, வாட்ச்மேன் ஆறு விநாடிக்கு ஒருக்கா எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, ஏதாச்சும் இருக்கான்னு கேட்டுட்டு வருவான். அந்த நேரத்துல அக்கா மனசுல எந்தச் சொல்லு இருக்குதோ அது வெளிய வரும். நடுவுல நெனச்சது எல்லாம் போயிரும்."

ஓடியது. இரண்டு நிமிடம் தாண்டியது, ஐந்து நிமிடம் தாண்டியது, பத்தும் தாண்டியது. அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து, "வசு, கஞ்சி சூடு பண்ணட்டுமா?" என்று கேட்டார். ஆறு விநாடி கழித்து, "வேண்டாம்" என்று குரல் வந்தது. பஸ் ஸ்டாண்டு குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு பள்ளம்.

அண்ணன் முகம் தெளிந்துவிட்டது. "போதுமே அம்மணி. இப்படியே ஓட்டிக் காமிச்சுரலாம். கேட்டா சொல்றால்ல."

"இப்படியே ஓட்டுனா இப்படியே முத்திரை வெச்சுருவாங்கண்ணா. வாழ்நாள் பூரா ஆறு விநாடிக்கு ஒரு சொல்லு."

"இருந்துட்டுப் போவுது."

"உங்களுக்கு என்னங்ணா, நீங்க நாக்குல பேசறீங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடுமை என்று எனக்கே உறைத்தது. அவர் கோபப்படவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே பேசினார்.

"போன மாசம் நான் மாடில துணி காயப்போட்டுட்டு இருந்தனுங்க. இவளுக்கு எச்சில் பொரையேறிருச்சு. கூப்புட்டுருக்கா. இந்தப் பாழாப்போன பெட்டி அன்னிக்கும் நின்னு போச்சு. நான் ஏதோ மனசு கேக்காம எறங்கி வந்தேன், மூஞ்சி நீலம் பூத்துக் கெடந்தா. இன்னொரு அஞ்சு நிமிசம் போயிருந்தா அவ்வளவுதான். இவ எவ்வளவு பேசறாங்கறது எனக்கு வேண்டாங்க. நிக்காம ஒண்ணு இருந்தாப் போதும். புதுக் கருவில மூச்சுக்குத் தனியா அலாரம் வெச்சுருக்காங்களாம்."

ஒரு மாதமாக அந்த மனிதர் பயந்துகொண்டே மாடிக்குப் போய்வந்திருக்கிறார். என் வீட்டு ஆளாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்போது லேப்டாப் பேசியது. "எனக்கு." ஆறு விநாடி. "வேண்டாம்." ஆறு விநாடி. "கேட்டா." ஆறு விநாடி. "மட்டும்." ஆறு விநாடி. "பேசுனா." ஆறு விநாடி. "பொணம்."

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "ஏன் வசு இப்படியெல்லாம் பேசற" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சொல் வந்தது.

"டிரைவர்."

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.

"இல்லாத." ஆறு விநாடி. "வண்டி." ஆறு விநாடி. "ஹார்ன்."

"ஸ்டாண்டு ஞாபகம் வந்துருச்சுங்க," என்றார் அண்ணன். "மனசு சரியில்லைன்னா அவளுக்கு அங்கதான் ஓடும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டான், வண்டி தானாக ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது, டைம் ஆபீசில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு திட்டுகிறார்கள். ஆனால் அக்காவின் கண் ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

டிரைவர் என்றால் எங்கள் தொழிலில் வேறு. லேப்டாப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் பதில் சொல்ல ஒரு சின்ன மென்பொருள் உண்டு, அதற்குப் பெயரும் டிரைவர்தான். டிரைவர் இல்லாத உறுப்பு பெல்லடித்தால் எனக்குத்தான் என்று சொல்ல ஆள் கிடையாது.

பதினெட்டாம் பெல்லில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தேன். அக்காவின் அட்டை மட்டும்தான். காலையிலேயே பார்த்ததுதான் அது, அதை நம்பித்தான் அந்த அட்டையை ஐந்து தடவை துடைத்தேன். ஆனால் அந்தப் பட்டியலில் டிரைவர் உள்ள வண்டிதானே வரும். டிரைவர் இல்லாதது எப்படி வரும்? லேப்டாப்பின் உள் இணைப்புப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதே ஒயரில், பக்கத்தில், கேமரா மெமரி கார்டைச் சொருகும் துளை. அதற்கும் ஒரு டிரைவர் இருக்க வேண்டும். இல்லை.

இல்லாமல் பண்ணியது யார்? சாட்சாத் நான்தான். மூன்று வருடத்துக்கு முன், இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று தேவையில்லாத டிரைவர்களை எல்லாம் வழித்துப் போட்டேன். சிஸ்டம் எட்டு விநாடி சீக்கிரம் கிளம்பியது. அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேன்.

"சரி, அந்தத் துளை மூணு வருசமா கம்முனுதானே இருந்துச்சு," என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டேன். "இப்ப எதுக்கு கத்துது?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். துளைக்குள் ஏதோ மினுங்கியது. இடுக்கியால் இழுத்தேன். மாத்திரை அட்டையில் வெட்டிய ஒரு துண்டு, இரண்டாக மடித்தது. அலுமினியப் பக்கம் உள்ளே இருந்த தங்கக் கம்பிகளில் உரசிக்கொண்டிருந்தது. ஆடும்போதெல்லாம் கார்டு வந்துவிட்டது, கார்டு வந்துவிட்டது என்று அந்தத் துளை அலறியிருக்கிறது.

தனபாலண்ணன் அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஹார்லிக்ஸ் சிந்திருச்சுங்க அம்மணி. எறும்பு அதுக்குள்ள போயிட்டு இருந்துச்சு. அடைக்கலாம்னு நான்தான் சொருகுனேன்."

"எப்பங்ணா?"

"ரெண்டு மாசம் இருக்கும்." அவர் கணக்குப் போடுவது எனக்கே தெரிந்தது. பொரையேறியது போன மாதம். "அப்ப நான்தான். நானேதான்."

"நீங்க பாதிங்ணா. ஆளை எடுத்தவ நானு. நான் எடுக்காம இருந்தா, அது லட்சம் தடவ கத்தியிருந்தாலும் போ போன்னு பதில் சொல்ல ஒருத்தன் இருந்திருப்பான், அக்கா பெல்லும் தப்பிச்சிருக்கும்." தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கையில் இடுக்கி இருந்ததால் விட்டேன்.

மணி ஒன்று பத்து. துண்டை எடுத்தாகிவிட்டது. இனி அந்தத் துளையை ஒரேயடியாக அணைத்துவிடுவதுதான் சுலபம். "அணைச்சு உட்டரட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

ஆறு விநாடி. "வேண்டாம்." ஆறு விநாடி. "ஆள்." ஆறு விநாடி. "போடு."

போட்டேன். தூக்கி எறிந்த டிரைவரைத் தேடி எடுத்து, அதற்கு உரிய இடத்தில் உட்காரவைத்து, வாக்கெடுப்பை நீக்கிவிட்டுக் கிளப்பினேன். வில்லையும் அட்டையும் கைகுலுக்கும் பத்து நிமிடமும் அண்ணன் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி எட்டு செகண்டு மிச்சம் புடிச்சேன்னு பீத்திக்கிட்டயே, அந்த எட்டு செகண்டை வெச்சு என்னடி பண்ணுன?"

அதுதான் முதல் வரி. பள்ளம் இல்லை, தடுக்கல் இல்லை. அண்ணன் சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நீங்க சிரிக்காதீங்க. மருந்துக்கடை வெச்ச மாதிரி மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்ச் சொருகியிருக்கீங்க. காலைல இருந்து பக்கத்துல பாரு, பக்கத்துல பாருன்னு கத்தறேன், இவ அட்டையைத் தொடச்சுட்டே இருக்கா. உன்ற கண்ணு என்ன பொறங்கழுத்துலயா இருக்குது? அப்பறம் அந்த வாக்கெடுப்பு. மகராசனைப் புடிச்சா என்ன பண்ணுவேன்னு சொன்ன?"

"தப்புத்தானுங்க அக்கா அது."

"எழுதுனப்போ தப்புத்தான். இன்னிக்கு அதுக்குள்ள ஒரு மணி நேரம் இருந்து பாத்துட்டேன். நடுவுல நெனச்ச வாக்கையெல்லாம் எடுத்துட்டுப் போயிருதுல்ல? சரியான பேருதான். மாத்தாத."

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அந்த மாத்திரை அட்டைத் துண்டை எடுத்து, வேண்டுமென்றே மறுபடி துளைக்குள் விட்டு ஆட்டினேன். எண்ணிக்கை ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம் என்று ஏறியது. புதிதாக உட்கார்ந்த டிரைவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு லட்சம், மூன்று லட்சம். அக்கா அத்தனை நேரமும் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார், ஒரு சொல்கூடச் சிந்தவில்லை. அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தில் கடை போர்டை இன்னும் இரண்டு அடி நீட்டலாம் என்று தோன்றியது.

ரெண்டு மணிக்கு ஆபீசர் வந்தார். சற்குணநாதன் என்று பெயர். ஒல்லியான, மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் நேராக வைத்துவிட்டு வந்தார். மண்டைக்குள் இருக்கும் சொல்லுக்குச் சட்டம் போட்ட அரசாங்கம் இன்னும் கார்பன் பேப்பரை விடவில்லை. அவர் கையில் ஒரு நீளப் படிவம், அதில் இரண்டே கட்டம்: கேள்வி, பதில். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். ஆரம்பித்த பிறகு யாரும் கருவியைத் தொடக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பெயர், ஊர், தேதி என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டார். கல்யாணமான வருடம், அண்ணனுக்குப் பிடிக்காத காய், வேலையில் சேர்ந்த நாள் எல்லாம் கேட்டு, கையிலிருந்த தாளோடு ஒத்துப்பார்த்தார். அக்கா கேட்டதற்கு மட்டும் சுருக்கமாக, நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்து நிமிடம், இருபது, இருபத்தைந்து. திரையின் மூலையில் ஒரு எச்சரிக்கையும் இல்லை.

இருபத்தெட்டாவது நிமிடம் கடைசிக் கேள்வி.

"வேற எதாச்சும் சொல்ல விரும்பறீங்களாம்மா?"

பதில் இல்லை.

பத்து விநாடி போனது, இருபது போனது. எட்டித் திரையைப் பார்த்தேன். முடக்கம் இல்லை, செய்தி இல்லை, பதினெட்டாம் பெல் அப்படியே இருக்கிறது. பின்னே ஏன்? வில்லையா? அட்டையா? தொடக் கூடாது. தனபாலண்ணன் "வசு" என்றார் மெதுவாக. அக்கா ஆபீசரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்குணநாதன் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் காத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு பேனாவை எடுத்து, 'இருபத்தெட்டாம் நிமிடத்தில் கருவி' என்று எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பினார்.

"வருத்தப்படாதீங்க சார். புதுக் கருவி நல்லாவே இருக்கும். இவங்களுக்கு என்ன வேணும்னு நீங்க கேட்டுக்கலாம். இந்த நெலமைல இருக்கறவங்களுக்குப் பேச்சு அவ்வளவு முக்கியம் இல்லீங்க, நிம்மதிதான் முக்கியம். இவங்களுக்கு..."

"இருங்க."

அறை முழுக்கக் கேட்டது அது. கிளம்பப் பார்க்கும் வண்டியை நிறுத்தும் குரல்.

"பேனாவைக் கீழ வைங்க சார். கருவி நிக்கல. நான்தான் பேசாம இருந்தேன். என்னைப் பத்தி அவருகிட்டப் பேசறீங்களே, நான் இங்கதான இருக்கேன்? என்கிட்டப் பேசுங்க."

சற்குணநாதன் ஒரு கணம் லேப்டாப்பைப் பார்த்தார், பிறகு சரியாக அக்காவின் முகத்தைப் பார்த்தார். "நான் கேட்டனேம்மா. அப்ப நீங்க பதில் சொல்லலையே?"

"நீங்க கேட்டப்போ சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க. இப்ப இருக்குது."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் கை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். காலையிலிருந்து, இல்லை, ஒரு மாதமாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"இவ அப்படித்தானுங்க சார். கேட்டா வாயைத் தொறக்க மாட்டா, கேக்கலைன்னா விடவே மாட்டா. முப்பது வருசமா இதே கதைதான். வேற எந்தக் கேள்வியும் நீங்க கேக்க வேண்டியதில்ல, இது அவளேதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சேர்த்துச் சொன்னார்: "இதையே இருக்க உடுங்க சார். நான் மாடிக்குப் போனாலும் இவ கூப்புடோணும்."

ஆபீசர் படிவத்தைப் பார்த்தார். கேள்விக் கட்டம், பதில் கட்டம். "கேள்வி இல்லாம வந்த பேச்சை எங்கம்மா எழுதறது?" என்று கேட்டார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

"பதிலு எடத்துல எழுதுங்க. கேள்வி எடத்தைச் சும்மா உடுங்க."

அவர் பாதி எழுதிய வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். அக்கா சொன்னதை அப்படியே எழுதினார். முப்பது நிமிடம் முடிந்ததும் லேப்டாப்பின் விலாவில் முத்திரையை ஒட்டி, 'நேரடிப் பேச்சு, அனுமதி' என்று கையெழுத்துப் போட்டார். நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். மூக்குறிஞ்சாதடி, என் தோளில் ஒழுகுது என்று அக்கா அதட்டினார்.

சற்குணநாதன் காகிதங்களை அடுக்கி எழுந்துவிட்டார். கதவு வரை போய்விட்டார்.

"சார், இருங்க. இதுவரைக்கும் எத்தனை பேரு கருவியைக் கழட்டுனீங்க?"

"பத்துப் பேருங்கம்மா."

"அந்தப் பத்தும் நின்னு போச்சா, இல்ல, அந்தப் பத்துப் பேரும் சொல்ல ஒண்ணும் இல்லாம இருந்தாங்களா?"

அவர் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். நிமிடக்கணக்கில் பேசவில்லை. அவர் நின்றுவிட்டார் என்று யாரும் எழுதவில்லை. பிறகு திரும்பி வந்து, நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, புதுத் தாள் ஒன்றை எடுத்தார். கேள்விக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அக்கா கேட்டதைப் பதில் கட்டத்தில் எழுத ஆரம்பித்தார்.